அட்-வில் மாநிலத்தில் பணி விதிக் கையேடு எதற்கு?

நியூ ஜெர்சியில் 38 பேர் வேலை பார்க்கும் மென்பொருள் சேவை நிறுவனம் ஒன்றை நடத்திவரும் அன்பர் கேட்டிருக்கும் கேள்வி இது: "எங்கள் மாநிலம் அட்-வில் மாநிலம். யாரையும் எந்த நேரத்திலும் காரணம் சொல்லாமல் வேலையை விட்டு நிறுத்தலாம் என்கிறார்கள். அப்படியிருக்க, கையேடு, எச்சரிக்கைக் கடிதம், ஆண்டு மதிப்பீடு என்று எல்லாவற்றையும் எழுதிவைத்து, அந்த எழுத்தையே பிறகு நமக்கு எதிராகச் சாட்சி சொல்ல விடுவானேன்? ஒன்றும் எழுதாமல் இருப்பதுதானே பாதுகாப்பு?"

நான் அதே மாநிலத்தில் 19 ஆண்டுகள் எச்.ஆர். பணியில் இருந்தவன், வழக்கறிஞன் அல்லன். ஆனாலும் பணிநீக்கங்கள் வழக்காக மாறுவதையும், மாறாமல் அமைதியாக முடிவதையும் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். உங்கள் கேள்வி பல முதலாளிகள் மனத்துக்குள் வைத்துக்கொண்டு வெளியே கேட்காத கேள்வி. காரணம் சொல்ல வேண்டியதில்லை என்ற சலுகையைச் சட்டம் உங்களுக்குத் தந்திருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் வேலை இழந்தவர் ஒரு வழக்கறிஞரின் படியேறிவிட்டால், அந்தச் சலுகையை வைத்துக்கொண்டு நீங்கள் அதிக தூரம் போக முடியாது. "ஏன்?" என்று கேட்பார்கள். அன்றைக்கு உங்கள் பதிலை நம்பவைக்கப் போவது, அதற்கு முன்பு பல மாதங்களாக எல்லோரிடமும் ஒரே மாதிரி நடந்துகொண்டதற்கான பதிவு மட்டுமே. அந்தப் பதிவை உண்டாக்கித் தருவதால்தான் கையேடு வேண்டும் என்கிறேன்.

அட்-வில் என்பதன் சாரம் இதுதான்: கால வரையறை இல்லாத வேலையை முதலாளியும் முடித்துக்கொள்ளலாம், பணியாளரும் முடித்துக்கொள்ளலாம், இருவருக்குமே முன்னறிவிப்போ காரணமோ தேவையில்லை. இங்கிலாந்தில் காலம் குறிப்பிடாத வேலையை ஓராண்டு வேலையாகக் கருதும் வழக்கம் இருந்தது. அமெரிக்காவில் அப்படி இல்லை என்று ஹொரேஸ் வுட் என்ற சட்ட ஆசிரியர் 1877-இல் எழுதிவைத்தார். நீதிமன்றங்கள் அதைப் பிடித்துக்கொண்டன. 1884-இல் டென்னசி உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. சாட்டனூகா நகரத்தில் கடை வைத்திருந்த ஒரு வணிகர், தம்மிடம் சாமான் வாங்கும் ஊழியர்களை வேலையை விட்டு நீக்குவதாக ஒரு ரயில்வே கம்பெனி மிரட்டியதால் தம் வியாபாரம் கெட்டுவிட்டது என்று வழக்குத் தொடுத்திருந்தார். நல்ல காரணத்துக்காகவோ, காரணமே இல்லாமலோ, ஒழுக்கத்துக்குப் புறம்பான காரணத்துக்காகவோகூட ஊழியரை நீக்கலாம் என்று அந்த நீதிமன்றம் சொன்னது. இன்றைக்கும் அட்-வில் என்றதும் பலர் மனத்தில் நிற்பது இந்த வாசகம்தான். அதன் முதல் இரண்டு பகுதிகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. மூன்றாவது பகுதியைத்தான் கடந்த 90 ஆண்டுகளின் சட்டங்கள் துண்டுதுண்டாக அறுத்திருக்கின்றன.

தமிழ்நாட்டில் வேலை பார்த்துவிட்டு இங்கே தொழில் தொடங்கியவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றுவதில் வியப்பில்லை. 2025 நவம்பர் வரை இந்தியாவில் நடைமுறையில் இருந்த 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்தின்படி, ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளியை ஆட்குறைப்புச் செய்ய ஒரு மாத முன்னறிவிப்பும், பணிசெய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியமும் கொடுக்க வேண்டியிருந்தது. நிரந்தர ஊழியரை மூன்று மாத நோட்டீஸ் கொடுத்துக் காரணம் காட்டாமல் அனுப்பலாம் என்ற ஓர் அரசு நிறுவனத்தின் விதியையே, பிரஜோநாத் கங்குலி வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 1986-இல் செல்லாது என்று தள்ளியது. அந்தச் சூழலில் இருந்து வந்தவர் இங்கே கையைக் கட்ட எதுவும் இல்லை என்று எண்ணிவிடுகிறார். இங்கே கட்டு வேறு இடத்தில் இருக்கிறது. அங்கே நீக்குவதற்குக் காரணம் இருக்க வேண்டும் என்பது சட்டம். இங்கே சில காரணங்கள் இருக்கவே கூடாது என்பது சட்டம். (50 மாநிலங்களில் மொன்டானா மட்டும் விலக்கு. அங்கே 1987 முதல், தகுதிகாண் காலம் கடந்த ஊழியரை நீக்க நியாயமான காரணம் வேண்டும்.)

உங்கள் 38 பேர் என்ற எண்ணிக்கையை வைத்தே பார்ப்போம். இனம், நிறம், மதம், பாலினம், பூர்வீக நாடு ஆகியவற்றின் பேரில் பாகுபாடு காட்டக் கூடாது என்னும் 1964-ஆம் ஆண்டுக் குடிமை உரிமைச் சட்டத்தின் ஏழாம் தலைப்பு, 15 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்களைப் பிடிக்கும்; நீங்கள் அதற்குள் வருகிறீர்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான 1990-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் அதே 15. நாற்பது வயதை எட்டியவர்களைக் காக்கும் 1967-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு 20 பேர் போதும். 12 வார ஊதியமில்லா விடுப்பைத் தரும் 1993-ஆம் ஆண்டுக் கூட்டாட்சி விடுப்புச் சட்டத்துக்கு 50 பேர் வேண்டும் என்பதால் அதில் நீங்கள் வரமாட்டீர்கள். ஆனால் மாநிலத்தின் குடும்ப விடுப்புச் சட்டத்துக்குள் வந்துவிடுவீர்கள். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, 1945-இல் இயற்றப்பட்ட நியூ ஜெர்சிப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் ஆள் எண்ணிக்கையே பார்ப்பதில்லை. இரண்டு பேரை வைத்துக் கடை நடத்துபவரையும் அது பிடிக்கும்.

சட்டப் புத்தகத்தில் இல்லாமல் நீதிமன்றத்தில் பிறந்த விலக்குகளும் உண்டு. கலிபோர்னியாவில் ஒரு தொழிற்சங்கம் தன் ஊழியரைச் சட்டமன்றக் குழு முன் பொய்ச்சாட்சி சொல்லச் சொன்னது. அவர் உண்மையைச் சொன்னதால் வேலை போயிற்று. பொதுநலக் கொள்கைக்கு எதிரான இத்தகைய நீக்கத்தை அட்-வில் விதி காப்பாற்றாது என்று 1959-இல் அந்த மாநில நீதிமன்றம் சொன்னது. நியூ ஜெர்சியில் அதே கோட்பாடு 1980-இல் பியர்ஸ் வழக்கில் வந்தது. சாக்கரின் கலந்த ஒரு மருந்தை ஆராய மறுத்த மருத்துவர் தொடுத்த வழக்கு அது. அவர் தோற்றார், ஆனால் அவர் வழியாக மாநிலத்துக்குக் கோட்பாடு கிடைத்தது. பிறகு 1986-இல், தவறைச் சுட்டிக்காட்டும் ஊழியரைப் பாதுகாக்கும் தனிச் சட்டமே வந்துவிட்டது.

இனி, உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். ஒருவரை நீக்குகிறீர்கள். அவர் 54 வயதுப் பெண். தம் வயதுக்காகத்தான் நீக்கப்பட்டதாகச் சொல்கிறார். மனத்துக்குள் இருந்த எண்ணத்தை நேரடியாக நிரூபிக்கப் பெரும்பாலும் முடியாது என்பதால், 1973-இல் மெக்டானல் டக்ளஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு படிமுறையை வகுத்தது. நியூ ஜெர்சி நீதிமன்றங்களும் அந்த வழியைத்தான் பின்பற்றுகின்றன. முதலில் ஊழியர் மேலோட்டமான சில உண்மைகளைக் காட்ட வேண்டும்: தாம் பாதுகாக்கப்பட்ட பிரிவைச் சேர்ந்தவர், வேலைக்குத் தகுதியானவர், ஆனாலும் நீக்கப்பட்டார், அந்த இடத்துக்கு வேறொருவர் தேடப்பட்டார் என்பன போன்றவை. இது உயரமான படி அன்று, பெரும்பாலோர் ஏறிவிடுவார்கள். அடுத்த படி முதலாளியுடையது. பாகுபாடு இல்லாத நேர்மையான ஒரு காரணத்தை அவர் எடுத்து வைக்க வேண்டும். இந்த இடத்தில் "இது அட்-வில் மாநிலம், காரணம் சொல்ல வேண்டியதில்லை" என்று நிற்க முடியாது. அப்படி நின்றால் காரணமே இல்லை என்று ஆகிவிடும். காரணத்தைச் சொன்ன பிறகு, அது உண்மையான காரணம் அன்று, ஒரு சாக்கு மட்டுமே என்று காட்டும் வாய்ப்பு ஊழியருக்குத் திரும்ப வருகிறது. வழக்குகளில் பாதிப் போர் இந்த மூன்றாம் படியில்தான் நடக்கிறது. அங்கே ஆயுதம் காகிதம்.

நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் பெரிய கிடங்கு ஒன்று இருந்தது. காலை 8 மணிக்கு ஷிஃப்ட். ஆறு மாதத்தில் மூன்று எழுத்துபூர்வ எச்சரிக்கைக்குப் பிறகே தாமதத்துக்காக வேலை போகும் என்று கையேட்டில் இருந்தது. ஒரு மேற்பார்வையாளர், தம் பிரிவில் இருந்த ஒருவரை இரண்டாம் எச்சரிக்கையோடு நிறுத்திவிட்டார். அன்று அவருடைய வருகை நேர அட்டைப் பதிவு 8:07. அவர் மூன்று வாரத்துக்கு முன்புதான், தூக்கு வண்டியின் பிரேக் சரியில்லை என்று எழுதிக் கொடுத்திருந்தார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எங்களிடம் முதலில் கேட்டது அந்தப் பிரிவின் ஆறு மாத அட்டைப் பதிவு முழுவதையும். அதை அச்செடுத்துக் கோடிட்டவன் நான்தான். அதே பிரிவில் இன்னொருவர் ஒன்பது முறை தாமதமாக வந்திருந்தார். ஒரு நாள் 8:40-க்கு. அவர் கோப்பில் ஓர் எச்சரிக்கைகூட இல்லை. அந்தத் தாள்களை மேசைமேல் பரப்பிவைத்துப் பார்த்தபோது, தாமதம் என்ற காரணம் என் கண் முன்னாலேயே கரைந்து போயிற்று. மேற்பார்வையாளர் உண்மையிலேயே பழிவாங்கினாரா, அல்லது அன்றைக்குப் பொறுமை இழந்தாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் வரவில்லை. நிறுவனம் பணம் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. வேலை போனவருக்கு இரண்டு சிறு பிள்ளைகள் இருந்தார்கள் என்பது எனக்கு இன்னும் மறக்கவில்லை.

கையேடு இருந்ததால்தானே மாட்டிக்கொண்டார்கள், இல்லாதிருந்தால் தப்பியிருப்பார்களே என்று இந்தக் கதையை உங்கள் பக்கத்துக்கு இழுக்கலாம். இழுத்துப் பாருங்கள். கையேட்டை எடுத்துவிட்டாலும் அட்டைப் பதிவு இருக்கும். 8:07-க்கு வந்தவர் வெளியே, 8:40-க்கு வந்தவர் உள்ளே என்ற வேறுபாடு அப்படியே இருக்கும். பிரேக்கைப் பற்றிய கடிதம் இருக்கும். கையேடு இல்லாத நிறுவனத்தில் ஒவ்வொரு மேலாளரும் ஒவ்வொரு விதியாக இருப்பார். அந்த வேறுபாடு இன்னும் கூடுதலாகத்தான் இருக்கும்.

ஆனாலும் உங்கள் அச்சத்துக்கு ஓர் உண்மையான அடிப்படை உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். அது உங்கள் மாநிலத்திலேயே பிறந்தது. ரிச்சர்ட் வூலி என்ற பொறியாளர் 1969-இல் நட்லியில் இருந்த ஹாஃப்மன்-லா ரோச் மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார். எழுதிய ஒப்பந்தம் எதுவும் இல்லை. சேர்ந்த பிறகு கையில் ஒரு பணியாளர் கையேடு வந்தது. 1978-இல் ஒரு கட்டடத்தின் குழாய்களில் இருந்த கோளாறு பற்றி அவர் அறிக்கை எழுதினார். சில வாரங்களில், உங்கள் மேல் நம்பிக்கை போய்விட்டது, விலகிக்கொள்ளுங்கள் என்றார்கள். அவர் மறுத்தார், நீக்கப்பட்டார். அந்தக் கையேட்டில் பணிமுடிவின் வகைகள் வரிசையாக இருந்தன. காரணமின்றி நீக்குவது என்ற வகை மட்டும் இல்லை. 1985-இல் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம், கையேட்டைப் பரவலாகக் கொடுத்து அதன் நம்பிக்கையில் ஆட்களை வேலை வாங்கிய முதலாளி, அதில் உள்ள வாக்குறுதியை மதிக்கத்தான் வேண்டும் என்று சொல்லி வழக்கை விசாரணைக்குத் திருப்பி அனுப்பியது. மிச்சிகன் நீதிமன்றம் 1980-இலும் மின்னசோட்டா நீதிமன்றம் 1983-இலும் இதே திசையில் போயிருந்தன.

வூலி தீர்ப்பைக் கேட்டுக் கையேட்டைக் கிழித்துப் போட்டவர்கள் அதன் கடைசிப் பகுதியைப் படிக்காதவர்கள். வாக்குறுதி எதுவும் தர விருப்பமில்லை என்றால், அதை எல்லோர் கண்ணிலும் படும்படி தெளிவாக எழுதிவிடுங்கள், போதும் என்று நீதிமன்றமே வழி காட்டியிருந்தது. அதைச் சிலர் சின்ன எழுத்தில், மற்ற வாக்கியங்களுக்கு நடுவே, சட்ட மொழியில் செருகினார்கள். 1994-இல் அதே நீதிமன்றம் அப்படிப்பட்ட ஒரு துறப்பு வாசகத்தைத் தள்ளியது: தனித்துத் தெரியவில்லை, தடித்த எழுத்தில் இல்லை, சாதாரண ஊழியருக்குப் புரியும் மொழியிலும் இல்லை என்றது. ஆகவே உங்கள் கையேட்டின் முதல் பக்கத்தில், கட்டம் கட்டி, பெரிய எழுத்தில், எளிய ஆங்கிலத்தில் இந்தப் பொருள் வர வேண்டும்: இந்தக் கையேடு ஒப்பந்தம் அன்று, இதில் உள்ள எதுவும் உங்களுக்குக் குறிப்பிட்ட காலத்துக்கு வேலையை உறுதி செய்வதில்லை, நீங்களும் நாங்களும் எப்போது வேண்டுமானாலும், காரணத்துடனோ காரணம் இல்லாமலோ இந்த வேலையை முடித்துக்கொள்ளலாம், தலைவர் கையெழுத்திட்ட எழுத்துபூர்வ ஒப்பந்தத்தைத் தவிர வேறு யாருடைய வாய்ச்சொல்லும் இதை மாற்றாது. கடைசிப் பக்கத்தில் இதையே மீண்டும் வைத்து, படித்தேன் என்று ஊழியரின் கையெழுத்தையும் தேதியையும் வாங்கி அவர் கோப்பில் வைத்துவிடுங்கள். மின்னஞ்சலில் இணைத்து அனுப்பிவிட்டுப் படித்திருப்பார் என்று விட்டுவிடாதீர்கள்.

படிப்படியான ஒழுங்கு நடவடிக்கையை எழுதும்போதுதான் சொற்களில் மிகுந்த கவனம் வேண்டும். "முதலில் வாய்மொழி எச்சரிக்கை, பிறகு எழுத்துபூர்வ எச்சரிக்கை, மூன்றாவதாகவே நீக்கம்" என்று எழுதினால் அது வாக்குறுதி. "பொதுவாக இந்தப் படிகளைப் பின்பற்றுவோம், தவறின் தன்மையைப் பொறுத்து எந்தப் படியையும் விட்டுவிடவோ திரும்பச் செய்யவோ நிறுவனத்துக்கு உரிமை உண்டு" என்று எழுதினால் அது வழிகாட்டி. கிடங்குக் கையேட்டில் முதல் வகை வாசகம் இருந்தது. அது ஒரு பிழை. ஆனால் சொல்லைச் சரிசெய்துவிட்டால் மட்டும் போதாது. படியை விட்டுவிடும் உரிமையை ஒரே மாதிரியான ஆட்கள் மீது மட்டும் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால், அந்தப் பட்டியலே வழக்கின் மூன்றாம் படியில் சாட்சியாக வந்து நிற்கும். அதனால், ஒருவரை நீக்கும் முடிவு மேலாளர் ஒருவருடைய கையில் மட்டும் இருக்கக் கூடாது என்ற விதியை முதலில் எழுதுங்கள். இரண்டாவது ஒருவர் கோப்பைத் திறந்து, இதே தவறைச் செய்த வேறு யாரையாவது நாம் விட்டு வைத்திருக்கிறோமா, இவர் அண்மையில் புகார், விடுப்பு, மருத்துவக் கோரிக்கை எதையாவது கொடுத்திருக்கிறாரா என்ற இரண்டையும் பார்க்க வேண்டும். உங்கள் அளவு நிறுவனத்தில் அந்த இரண்டாவது ஆள் நீங்களாகவே இருக்கலாம். கூட்டாட்சி அரசின் சமவாய்ப்பு வேலை ஆணையத்துக்கு வரும் புகார்களில் பல ஆண்டுகளாக முதலிடத்தில் இருப்பது பழிவாங்கல்தான் என்பதை நினைவில் வையுங்கள். மூலப் புகார் நிற்காமல் போனாலும், புகார் கொடுத்ததற்காகச் செய்த பழிவாங்கல் தனியாக நிற்கும்.

கையேடு உங்களை எங்கே தாங்கிப் பிடிக்கும் என்பதற்குப் பாலியல் துன்புறுத்தல் வழக்குகளே சிறந்த சான்று. ஃபுளோரிடாவின் போகா ரட்டோன் நகரக் கடற்கரையில் உயிர்காப்பாளராக வேலை பார்த்த ஒரு பெண்ணின் வழக்கு 1998-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. மேலதிகாரி துன்புறுத்தியிருந்தாலும், நீக்கம் போன்ற நேரடி வேலைப் பாதிப்பு எதுவும் நிகழாத நிலையில், முதலாளி இரண்டைக் காட்டினால் தப்பலாம் என்று அந்த நீதிமன்றம் சொன்னது: தடுக்கவும் திருத்தவும் தாம் நியாயமான கவனம் எடுத்திருந்தார், ஊழியர் அந்த வழியைத் தக்க காரணமின்றிப் பயன்படுத்தவில்லை. நகராட்சியிடம் எழுதிய கொள்கை இருக்கத்தான் செய்தது. ஆனால் அதைக் கடற்கரை ஊழியர்களிடம் கொண்டு சேர்க்கவே இல்லை. துன்புறுத்தும் மேலதிகாரியைத் தாண்டி வேறொருவரிடம் முறையிடலாம் என்ற உறுதியும் அதில் இல்லை. நகராட்சி தோற்றது. அலமாரியில் இருக்கும் கொள்கைக்கும் இல்லாத கொள்கைக்கும் நீதிமன்றம் வேறுபாடு பார்க்கவில்லை. உங்கள் கையேட்டில் புகார் வாங்க குறைந்தது இரண்டு பேருடைய பதவியைக் குறிப்பிடுங்கள்; முடிந்தால் ஒருவர் ஆண், ஒருவர் பெண். இருவரில் ஒருவர் நிறுவனருடைய மனைவியாக இருப்பதை நம் தமிழர் நடத்தும் சிறு நிறுவனங்களில் பார்த்திருக்கிறேன். புகாரே நிறுவனர் மேல் என்றால் புகார் தர வரும் பெண் எங்கே போவாள் என்று ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். வெளியில் இருந்து ஒருவரைப் பொறுப்பாக வைக்கும் செலவு தாங்கக்கூடியதே.

எழுதக் கூடாத விதிகளும் உண்டு. "சம்பளத்தைப் பற்றி ஒருவரோடு ஒருவர் பேசக் கூடாது" என்ற வரி நம்மவர் கையேடுகளில் அடிக்கடி கண்ணில் படுகிறது. தொழிற்சங்கம் இல்லாத இடத்திலும், தங்கள் ஊதியத்தையும் வேலை நிலைமையையும் பற்றிச் சேர்ந்து பேசும் உரிமையை மேற்பார்வையாளர் அல்லாத ஊழியர்களுக்கு 1935-ஆம் ஆண்டுத் தேசியத் தொழிலாளர் உறவுச் சட்டம் தருகிறது. அந்த வரி சட்டவிரோதம். வருகைக்குப் புள்ளி வைத்து, இத்தனை புள்ளி சேர்ந்தால் நீக்கம் என்ற முறையை வைத்திருப்பவர்களும் கவனிக்க வேண்டும். நியூ ஜெர்சியில் 2018 முதல் 30 மணி நேர வேலைக்கு ஒரு மணி நேரம் வீதம், ஆண்டுக்கு 40 மணி நேரம் வரை ஊதியத்துடன் நோய் விடுப்பு உண்டு. அந்த விடுப்பைப் புள்ளியாக எண்ணித் தண்டிக்க முடியாது. இணையத்தில் கிடைக்கும் டெக்சஸ் கையேட்டின் மேல் உங்கள் நிறுவனப் பெயரை ஒட்டி வைத்துக்கொள்வதில் உள்ள ஆபத்து இதுதான்.

ஆண்டு மதிப்பீட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மனம் நோகக் கூடாது என்று எல்லோருக்கும் "மிக நன்று" போடும் மேலாளரை நான் இரக்கமுள்ளவராக எண்ணியது உண்டு. இப்போது அப்படி எண்ணுவதில்லை. நான்கு ஆண்டுகள் நன்று என்று எழுதிவிட்டு, ஐந்தாம் ஆண்டு மார்ச்சில் திறமை போதாது என்று அனுப்பினால், அந்த மனிதருக்குத் திருந்த ஒரு வாய்ப்பும் கொடுக்கப்படவில்லை. உங்களுக்கும் கையில் ஓர் எழுத்து இல்லை. குறையை அது நடந்த வாரத்திலேயே, நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். "பொறுப்பற்றவர்" என்று எழுதினால் அது உங்கள் கருத்து. "மே 6, 13, 20 ஆகிய மூன்று தேதிகளிலும் சோதனை அறிக்கை வாடிக்கையாளருக்குப் போகவில்லை, 21-ஆம் தேதி பேசினோம், இனி வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்குள் அனுப்புவதாக ஒப்புக்கொண்டார்" என்று எழுதினால் அது பதிவு. நீக்கிய பிறகு உட்கார்ந்து பழைய தேதி போட்டு எழுதும் குறிப்பைப் போல ஒரு வழக்கைக் கெடுப்பது வேறெதுவும் இல்லை. கணினி அந்தக் கோப்பு பிறந்த நேரத்தைச் சொல்லிவிடும்.

கடைசி நாளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் பலர் வழக்கறிஞரிடம் போவது நீக்கப்பட்டதற்காக அல்ல, நீக்கப்பட்ட விதத்துக்காக. இரண்டு பேர் உட்காருங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். முடிவு எடுக்கப்பட்டுவிட்டது என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள், உண்மையான காரணத்தை ஓரிரு வாக்கியத்தில் சொல்லுங்கள், வாதாடாதீர்கள். அட்-வில் என்பதால் காரணமே சொல்லாமல் அனுப்புங்கள் என்று சில ஆலோசகர்கள் சொல்வதை நான் ஏற்பதில்லை. காரணம் கேட்டுக் கிடைக்காதவர், தாமே ஒரு காரணத்தை ஊகித்துக்கொள்வார். அது பெரும்பாலும் வயதாகவோ நிறமாகவோ இருக்கும். மனம் நோகக் கூடாது என்று "வேலை குறைந்துவிட்டது" எனப் பொய் சொல்லவும் வேண்டாம். நேரில் வேலை இல்லை, வேலையின்மை அலுவலகத்துக்கு எழுதிய பதிலில் திறமை இல்லை, வழக்கறிஞர் கடிதத்தில் ஒழுங்கு இல்லை என்று காரணம் மூன்று விதமாக மாறினால், மூன்றும் சாக்காகவே பார்க்கப்படும். நியூ ஜெர்சியில் கடைசிச் சம்பளத்தை வழக்கமான சம்பள நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். வேலையின்மை உதவித்தொகை பற்றிய பி.சி.-10 படிவத்தையும் கையில் தர வேண்டும். உங்கள் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை அவர் தம் செலவில் 18 மாதம் வரை தொடரும் கோப்ரா உரிமை, 20 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம் என்பதால் உங்களுக்குப் பொருந்தும். செவரன்ஸ் (வேலை முடியும்போது தரும் இழப்பீட்டுத்) தொகை கொடுத்து வழக்குப் போடமாட்டேன் என்று கையெழுத்து வாங்குவதானால், 40 வயதை எட்டியவருக்கு யோசிக்க 21 நாளும், கையெழுத்திட்ட பின் மனம் மாற 7 நாளும் கொடுக்காவிட்டால் வயதுப் பாகுபாட்டைப் பொறுத்தவரை அந்தக் கையெழுத்து செல்லாது.

உங்கள் 38 பேரில் கணிசமானவர்கள் எச்-1பி விசாவில் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். அவர்களில் ஒருவரை நீக்கினால், வேலை முடியும் நாளில் இருந்து 60 நாளோ, ஐ-94 (நாட்டில் தங்க அனுமதிக்கும் பதிவு) காலம் முடியும் வரையோ, எது முன்னால் வருகிறதோ அதுவரைதான் அவருக்கு இந்த நாட்டில் அவகாசம். அதற்குள் வேறு வேலையோ வேறு விசா நிலையோ தேட வேண்டும்; பிள்ளைகள் பள்ளியின் நடுவில் இருப்பார்கள். நீங்கள் குடிவரவு அலுவலகத்துக்கு எழுதி, அவருக்காகப் போட்ட விசா மனுவைத் திரும்பப் பெற வேண்டும். அனுமதிக்கப்பட்ட காலம் முடியும் முன்பே நீங்களாக நீக்கினால் அவர் ஊர் திரும்பும் நியாயமான பயணச் செலவை ஏற்பதாகச் சொல்ல வேண்டும். இவற்றைச் செய்யாமல் விட்டால், வேலை முடிந்ததாகவே கருதப்படாமல், சம்பளம் கொடுக்கும் கடமை உங்கள் மேல் தொடர நேரலாம். ஆனால் சட்டம் கேட்காத ஒன்றை நான் உங்களிடம் கேட்கிறேன்: முடிவு உறுதியானதும், வேலைப் பட்டியலில் இருந்து எடுக்கும் தேதியை, உங்களால் தாங்க முடிந்தால், சம்பளத்துடன் நான்கு வாரம் தள்ளி வையுங்கள். அந்த நான்கு வாரத்தையும் 60 நாளோடு சேர்த்துத் தருவதாகக் கையேட்டில் வாக்குறுதியாக எழுதாமல், ஒவ்வொருவருக்கும் ஒரே மாதிரி செய்துவாருங்கள். ஒருவருக்குச் செய்து இன்னொருவருக்கு மறுத்தால், அந்த இரண்டு கோப்புகளும் ஒருநாள் ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்படும்.